பன்னிரண்டாவது முறை

மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு
மூன்று மீட்டர் வெள்ளிக் கேபிள் வாங்கி வந்தான் லுபோர்.
வெல்வெட் பெட்டி. உள்ளே ஒரு சான்றிதழ்.
ஒலி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று
உறையின் மேல் ஓர் அம்புக்குறி வேறு.

நான் புர்னோ மின்வாரியத்தில் மீட்டர் சரிபார்ப்பவள்.
அம்புக்குறியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

மாறுதிசை மின்னோட்டம், லுபோர்.
போன வழியே திரும்பி வரும்.
நொடிக்கு நூறு தடவை, ஆயிரம் தடவை
உன் அம்புக்குறியை மிதித்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் நடக்கும்.

ஆம்ப்ளிஃபயரில் கிளம்பிய எலக்ட்ரான் ஒன்றுகூட
ஸ்பீக்கருக்குப் போய்ச் சேராது, தெரியுமா?
மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கும் நகராமல்
நின்ற இடத்திலேயே நடுங்கும்.
நடுக்கம்தான் ஓடும்.
டிராம் கிளம்பும்போது
முன்பெட்டி இழுத்த இழுப்பு
கடைசிப் பெட்டியில் யாரோ ஒருவரின்
தொப்பியை அசைக்குமே, அதுபோல.

"அப்படியானால் பாஸ் இறுகிவிட்டதே, அது?" என்றான்.

மின்கட்டண உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
ஸ்பீக்கர் எட்டு ஓம்.
கேபிள், ஓமில் இருபதில் ஒரு பங்கு.
செம்பைவிட வெள்ளி நூற்றுக்கு ஆறு பங்கு தாராளம்,
அந்த ஆறும் இந்த இருபதில் ஒன்றுக்குள்தான்.
கடலில் கரைத்த பெருங்காயம்.
தூண்டலையும் தேக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன்.
வௌவாலுக்கு வேண்டுமானால் ஏதாவது குறை இருக்கலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டேன்:
ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் கேபிள் வேறு கதை.
அதன் தேக்கமும் ஊசித்தலைச் சுருளும் கூட்டுச் சேர்ந்தால்
உச்சஸ்தாயி தூக்கும், இல்லை சரியும்.
அந்தக் கேபிளோ
பிளேயரோடு சும்மா வந்தது.
அதை அவன் திரும்பியும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோபியாஷ் வந்தான்,
கையில் திரைச்சீலையும் ஐந்து கொருனா நாணயமும்.
வாக்குவம் கிளீனரின் வயரை
நானே வெட்டிக் கொடுத்தேன்.
பூ விழுந்தால் வெள்ளி. தலை விழுந்தால் வாக்குவம்.
இருபது முறை.
சத்த அளவை மீட்டரில் சரிபார்த்தது நான்.
லுபோர் கண்ணை மூடி
சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான்,
பல் மருத்துவரிடம் உட்காருவதைப் போல.

இருபதில் பதினொன்று சரி.
காசு சுண்டினாலும் அவ்வளவுதான் வரும் என்று
காசு சுண்டியவனே சொன்னான்.

நான் ஜெயித்தேன்.
காபி போட எழுந்தேன்.

"பன்னிரண்டாவது முறை எது?" என்றான் லுபோர்.
தோபியாஷ் தாளைப் பார்த்தான்.
வாக்குவம்.

"அந்த முறைதான் கேட்டது.
செல்லோக்காரி வில்லை வைப்பதற்கு முன்
மூச்சை இழுக்கிறாள்.
மூக்கடைப்பு அவளுக்கு."

அந்த ரெக்கார்டை இந்த வீட்டில்
ஐந்து வருடமாகக் கேட்கிறேன்,
இஸ்திரி போட்டுக்கொண்டு, ரசீது அடுக்கிக்கொண்டு.
மூச்சா?
காபியை அடுப்பிலேயே விட்டுவிட்டு
ஊசியைத் தூக்கி முதலில் வைத்தேன்.

இருந்தது.
கேபிளில் இல்லை அது.
தட்டின் பள்ளத்தில், அவள் மூக்கில்,
முப்பத்தெட்டாயிரம் கொருனா கொடுத்ததால்
மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த ஒருவன் காதில்.

இதை எந்த மீட்டரில் வைத்து அளக்க?
அளக்கலாம். மீட்டர் காட்டும்.
நான்தான் அந்தப் பக்கம்
முள்ளை வைக்கவே இல்லை.

காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

வெள்ளி மறுபடி வெல்வெட்டுக்குள் போய்விட்டது.
விற்கவும் இல்லை, மாட்டவும் இல்லை.
ஸ்பீக்கருக்கு இப்போதும் வாக்குவம் வயர்தான்.
கம்பளத்தில் ரொட்டித்தூள் சேருகிறது.
புது வயர் வாங்க வேண்டும் என்று
இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறோம்,
ரெக்கார்டின் பக்கம் மாற்றும்
அந்த அரை நிமிடத்தில் மட்டும்.