சன்னாசி மகள்

"தமயந்தி அனாக் பெரெம்புவான் சன்னாசி."
கவுண்டரில் கூப்பிட்டபோது
அப்பாவும் என்னோடு எழுந்து வந்தார்.
இந்த நாட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டதே இல்லை,
வங்கியில், குடிநுழைவில், இதோ
ஜெலுத்தோங் கரையோர மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்.

படிவத்தில் ஒரு கேள்வி:
குடும்பத்தில் இதய நோய் உண்டா, யாருக்கு?
பதிலுக்கு விரல் நீளத்தில் ஒரு கோடு.

அப்பா, நாற்பத்து மூன்று.
ஜூரு டோலுக்கு முன்னால் லாரியை ஓரங்கட்டி,
கைபிரேக்கை இழுத்து, இரட்டை விளக்கைப் போட்டுவிட்டு.
பின்னால் வந்த எவருக்கும் ஒரு கீறல் இல்லை.
பெரியப்பா, முப்பத்தொன்பது. பூப்பந்து ஆட்டத்தில்.
பத்தொன்பதுக்குப் பதினேழு என்று முன்னால் இருந்தாராம்.
ரூபாவதி அத்தை, முப்பத்தாறு,
கையில் ஈரத்துணியோடு.
பெரியப்பாவோடு கோடு முடிந்துவிட்டது.
அத்தையை ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

எங்கள் வீட்டில் யாரும் நெஞ்சு நின்று சாகவில்லை.
அப்பாவுக்கு வாயு. பெரியப்பாவுக்குக் கண்ணேறு.
அத்தை வெறும் வயிற்றில் தலைக்கு ஊற்றியதுதான் தப்பு.
அம்மா இன்றும் அப்படித்தான் சொல்வாள்.
நேற்றிரவு வெங்காயம் நறுக்கிக்கொண்டே,
"சும்மா கெடக்குற நெஞ்ச ஏன் போய்க் கிளறுற?"
கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான், கேட்டால்.

நான் பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கிறவள்.
நூற்றிருபத்தைந்து டிகிரியில் இரண்டு நாள் வேகவைத்து
தாங்காததைச் சிவப்புத் தட்டில் தள்ளுகிறவள்.
இன்று என்னை ஓடுபொறியில் ஏற்றினார்கள்.
மார்பில் பத்து ஒட்டிகள், இடுப்பில் ஒரு பெட்டி,
காலில் தம்பி யுகேந்திரனின் காலணி, இரண்டு அளவு பெரியது.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேடு உயர்ந்தது.
சன்னலில் பாலம் தெரிந்தது.
லாரிகள் பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.
நான் ஓடி ஓடி அங்கேயே இருந்தேன்.
"சிக்கிட் லாகி, டிக்," என்றார் கக் ரொஹானி,
என் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்து.

பிறகு இருட்டறை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கை.
குளிர்ந்த பசை. விலாவுக்கு விலா கருவி தேடியது.
திரையில் அது.
நான் நினைத்திருந்த சிவப்பு இல்லை.
சாம்பல் நிறம், அடைமழை நேரத்துப் பழைய டிவி மாதிரி.
நடுவில் ஒரு வால்வு,
கதவை மெல்லச் சாத்தத் தெரியாத பிள்ளைபோல்
படார், படார்.
இருபத்தாறு வருடம். ஒரு எம்சிகூட எடுக்கவில்லை.

கக் ரொஹானி ஒரு சுவரை அளந்தார்.
மகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே
மறுபடி அளந்தார்.
மூன்றாம் முறை அளந்தபோது
மகள் பாதிப் பரீட்சையில் நின்றுபோயிருந்தாள்.
அந்த மௌனம் எனக்குத் தெரிந்ததுதான்.
சில சில்லுகளை நானும்
மூன்று முறை அளப்பேன், தட்டுக்குக் கை போகுமுன்.

டாக்டர் ஓங் ரசீதின் பின்புறம் படம் வரைந்தார்.
பதினான்கு மில்லிமீட்டர். பதினொன்றுக்குள் இருக்கவேண்டியது.
மாத்திரை உண்டு. இன்னும் சில சோதனை உண்டு.
பந்தய ஓட்டம் வேண்டாம், நடக்கலாம்,
வருடா வருடம் வந்து காட்டவேண்டும்.
பயப்படும்படி அவர் எதுவும் சொல்லவில்லை.
பேனாவை மூடியபின் கேட்டார்:
"கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா?"

மூன்று மில்லிமீட்டர்.
அப்பா விட்டுப்போனது லாரிக் கடன் மட்டும் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

யுகேந்திரன் எட்டாவது மணியில் எடுத்தான்.
ஃபுட்சால் திடல், பின்னால் ஒரே கூச்சல்.
"எனக்கு ஒண்ணுமில்லக்கா," என்றான் மூச்சிரைக்க.
"ஷூவ மட்டும் சீக்கிரம் கொண்டு வா,
வெறுங்கால்ல கீப்பரா நிக்கிறேன்."
நில் என்றேன். கீப்பராகவே நில்.
புரியாமல் சிரித்தான்.

கவுண்டருக்குத் திரும்பி இன்னொரு படிவம் கேட்டேன்.
யுகேந்திரன் அனாக் லெலாக்கி சன்னாசி.
இந்த முறை எழுத்தைப் பொடிப்பொடியாக வைத்தேன்.
அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் கோட்டிலேயே அடங்கினார்கள்.
கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது:
அக்கா. இருபத்தாறு. உயிரோடு.

"உயிரோடு என்று எழுதத் தேவையில்லை," என்றாள் கவுண்டர் பெண்,
வெள்ளைத் திருத்தியை நீட்டி.
இருக்கட்டும் என்றேன்.