மிதவை

சஸ்கட்டூன். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலுக்கு
இரண்டு நாள் வண்டி ஓட்டம்.
எங்கள் நிலவறையில் மட்டும் இருபத்தைந்து புள்ளி ஆறு.
அந்தப் புள்ளி ஆறுக்காக
மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

கருவி ஒரு சோப்புப் பெட்டி அளவு.
வின்னிபெக்கில் மீன் வளர்ப்பை விட்டுவிட்ட ஒருவரிடம்
பாதி விலைக்கு வாங்கியது.
அதற்குத் தெரிந்தது ஒரே இலக்கணம்:
வெப்பம் இருபத்தைந்துக்குக் கீழே போனால், சூடாக்கியைப் போடு.
காரத்தன்மை இறங்கினால், மூன்று மில்லி ஊற்று.
மாலை ஏழானால், நீல விளக்கு.
அதன் மொழியில் சந்தேகம் முதலில் வரும்.
என் மொழியில் வினையெல்லாம் சொல்லி முடித்தபின்
வாலில் வந்து ஒட்டும் ஓர் 'ஆல்'.
போனால். இறங்கினால். ஏழானால்.
அந்த ஆலின் விழுதுகளில் தொங்குகிறது
இருநூறு லிட்டர் கடல்.

"உந்தப் பவளத்துக்கு ஹீட்டர், எனக்குக் காலுறை"
என்பாள் தயாளினி.

எனக்கு வேலை பொட்டாஷ் சுரங்கத்தில்.
ஒரு கிலோமீட்டர் கீழே, பன்னிரண்டு மணி நேரம்,
சிவப்பும் வெளுப்புமாய் உப்புச் சுவர்.
ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்ததாம்.
நீர் போய்விட்டது. உப்பு போகவில்லை.
ஈடாக ஊற்ற ஆளில்லை.
கடல் வற்றக் காத்திருந்து செத்த கொக்கின் கதையை
கூட வேலை செய்யும் டெரிலுக்குச் சொன்னேன்.
"இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால்
கொக்குக்கு இங்கே வேலை கிடைத்திருக்குமே" என்றான்.

என் கடலுக்கு ஊற்ற ஆளிருக்கிறது.
நாளுக்கு நாலு லிட்டர் ஆவியாகிறது,
அதற்கு ஒரு மிதவை, நன்னீர் வாளி, சின்னப் பம்பு.
மிதவை தாழ்ந்தால், பம்பு ஓடும்.
உப்பை அளக்கும் கோல் அடுத்த வருஷம்தான்,
விலை அப்படி.

நான்கு நாள் ஷிப்ட்.
கீழே இறங்கியதும் கைபேசி வெறும் கண்ணாடித் துண்டு.
இரவில் மேலே வந்து, பேருந்தில் பார்ப்பேன்:
எல்லாம் பச்சை.
மறுநாளும் எல்லாம் பச்சை.
வீட்டுக்குப் போய் விழுந்து தூங்குவேன்.

ஐந்தாம் நாள் காலை
பெரிய பம்பின் தொண்டையில் கொரகொரப்பு.
அடித்தொட்டி பாதி காலி.
விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
பவளம் தன்னை மடித்து வைத்திருந்தது.
கோமாளி மீன் இரண்டும் ஒரு மூலையில்,
கடன்காரன் கதவைத் தட்டிய வீட்டார் போல.

மிதவைக்கு அடியில் ஒரு நத்தை.
கட்டைவிரல் நகத்தளவு.
செருகி உட்கார்ந்து
மிதவையைத் தூக்கிப் பிடித்திருந்தது நான்கு நாளாக.
கருவி அதைக் கடல் என்றே எடுத்துக்கொண்டது.
யாரும் பொய் சொல்லவில்லை.
நான்தான் ஒரே கேள்வியைக் கேட்டு
ஒரே பதிலோடு படுத்தவன்.

உப்பு முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.
மொத்தமாக ஊற்றினால் மீன் தாங்காது.
மணிக்கு ஒரு செம்பு.
கருவியை நிறுத்திவிட்டேன்,
நானும் சமையலறைக் கடிகாரமும்தான்.
பகல் போனது. இரவு பத்து, பதினொன்று.
கண்ணயர்ந்துவிட்டேன் போல.
விழித்தபோது மூன்று மணிச் செம்பை
தயாளினி ஊற்றிக்கொண்டிருந்தாள்,
இரண்டு சோடிக் காலுறையோடு,
மருந்து ஊற்றுகிறவளைப் போல உதட்டைக் கடித்து.

மறுநாள் ஒரு வரி சேர்த்தேன்:
பம்பு எட்டு மணி நேரம் ஓடாதிருந்தால், என்னை எழுப்பு.
சேமிக்குமுன் கை நின்றது.
நான் கீழே இருந்தால்?
'என்னை' என்பதை அழித்து
அவள் எண்ணைப் போட்டேன். கேட்கவில்லை இன்னும்.

நத்தையை வெளியேற்றவில்லை.
கண்ணாடியில் ஏறிக்கொண்டிருக்கிறது,
பாசியைத் தின்றபடி,
மறுபடியும் அந்தப் பக்கம்தான்.