ஒரு வாசர் மிச்சம்

தட்டோனுக்கு வெளியே, மோல்மேன் போகும் சாலையில்
வண்டி தெரியுமுன்பே சத்தம் வந்துவிட்டது.
"ஜ்வீ, ஜ்வீ" என்று இறங்கினான் கோ ட்டேய்.
அவன் பாஷையில் அது அப்படித்தான் அழும்.
என் காதுக்குக் கீச், கீச்.
பத்துச் சக்கர ஹினோவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வண்டி நிறைய ரப்பர் ஷீட்.
நனைந்த அதன் நாற்றம்
எனக்கு முன்னால் பட்டறைக்குள் போய்
என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது.

"எலி" என்றான் ஸ்பேர் ஏழுமலை.
ஜப்பானில் இடப்பக்கம் ஓடப் பிறந்த வண்டி
இங்கே வலப்பக்கம் ஓடுகிறது.
ஸ்டியரிங் பார்ப்பது ஓரத்துக் குழியை.
முந்தலாமா வேண்டாமா என்று
இடது ஜன்னலில் கழுத்தை நீட்டி
ஏழுமலைதான் சொல்லவேண்டும்.
அந்தக் கண்களை நம்பி உயிரைக் கொடுக்கும் கோ ட்டேய்
எலியை மட்டும் நம்பவில்லை.

பாகோவில் ஒரு பெல்ட் மாற்றியாயிற்று.
சிட்டாங் பாலம் தாண்டி இன்னொன்று.
போனில் முதலாளி அம்மா டோ கின் ஓன்:
"மூன்றாவதும் வாங்கச் சொல்வாயோ?"

நான் பதில் சொல்லவில்லை.
நீண்ட திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து
நுனியை ஒவ்வோர் இடமாக ஊன்றினேன்.
வாட்டர் பம்ப்: தண்ணீர் மட்டும்.
ஐட்லர்: உருளும் சாது.
டைனமோ: பேரிங் சுத்தம், குறட்டைகூட இல்லை.
கேபினுக்குள் ஏழுமலை ஆக்சிலேட்டரைத் தட்டத் தட்ட
எங்கிருந்தோ கீச்.

போத்தலில் தண்ணீர் எடுத்து
ஓடும் பெல்ட்டில் ஒரு கை தெளித்தேன்.
அமைதி.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு —
கீச்.
"பெல்ட்தான்!" என்று கை தட்டினான் கோ ட்டேய்.
பெல்ட் தளர்ந்திருந்தால்
நனைந்ததும் இன்னும் கத்தியிருக்கும், தம்பி.
இது தளர்ச்சி இல்லை. இது கோணல்.

எஞ்சினை அணைத்து
தூண்டில் நரம்பைப் புல்லிகளின் முகத்தில் இழுத்துப் பிடித்தேன்.
கீழே தொட்டது. நடுவில் தொட்டது.
டைனமோவில் தொடவில்லை.
நரம்புக்கும் இரும்புக்கும் நடுவே
ஓர் அரிசியை நிறுத்தலாம்.
பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் பளபளப்பு,
அடியில் கரும்பொடி, மைபோல.

பிராக்கெட் போல்ட்டைக் கழற்றினேன்.
முன்னால் ஒரு வாசர்.
பின்னால் இருக்கவேண்டிய தடித்தது இல்லை.
"எந்தக் கழுதை கடைசியாக இதில் கை வைத்தது?"
என்று கேட்க வாய் திறந்தேன்.

தாடிஞ்சு முடிந்த வாரம். கரண்ட் இல்லை.
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
இதே டைனமோவை ஏற்றிய கை
இதோ, இந்தக் கை.
வேலை முடிந்ததும் துணியில் ஒரு வாசர் கிடந்தது.
எந்த வண்டியில்தான் ஒன்றிரண்டு மிஞ்சாது?
நல்ல கனம், வழவழப்பு என்று
பட்டறைச் சாவியில் கோத்துவிட்டேன்.

இரண்டு மாதமாக
என் இடுப்பில் அது கிணுகிணுத்துக்கொண்டிருந்தது,
சாலையில் அதன் இடம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

சாவி வளையத்தை நகத்தால் பிளந்து எடுத்தேன்.
இருவரும் பார்த்தார்கள்.
ஏழுமலை ஏதோ சொல்ல வந்து
எலியைப் பற்றி இருக்கும்
விழுங்கிவிட்டான்.

போட்டேன். முறுக்கினேன். நரம்பு மூன்றிலும் தொட்டது.
ஸ்டார்ட்.
எஞ்சின் எஞ்சினாக மட்டும் ஓடியது.

கோ ட்டேய் கூலியை எண்ணினான்.
நான் டப்பாவைத் திறந்து
இரண்டு பெல்ட்டுக்கான காசை எண்ணினேன்.
என் கட்டு பெரிது.
அவன் தன் நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு
என்னுடையதில் ஒன்றை உருவி
"இது டீக்கு" என்று திருப்பித் தந்தான்.
டோ கின் ஓனிடம் என்ன சொல்வானோ.
நான் கேட்கவில்லை.

ஹினோ மேட்டில் ஏறியது.
இடது ஜன்னலில் ஏழுமலையின் தலை, பிறகு கை:
வரலாம், வரலாம், முந்து.

இருட்டிய பிறகு பூட்டப் போனேன்.
சாவியைக் காணோம் என்று
எல்லாப் பையையும் தடவினேன்.
கையிலேயே இருந்தது,
சத்தமில்லாமல்.