திருத்தி வாசிக்கவும்

எங்கள் நாளிதழின் இரண்டாம் பக்க அடிமட்டம் என்னுடையது:
கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம்,
இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை,
அதற்கும் கீழே
நேற்று நாங்கள் தப்பாய் அச்சிட்ட பெயர்கள்.

ட்ரியெஸ்டேயில் போரா காற்று வீசும் நாட்களில்
தெருவில் யாரும் பேப்பரை விரிப்பதில்லை.
காப்பிக்கடைக்குள் ஒதுங்கிப் படிப்பார்கள்.
வெள்ளிக்கிழமை என்றால்
முதலில் பதினான்காம் பக்கம்.
நீவெஸ் கொசூட்டா.
முப்பத்தொரு வருடம், வாரத்துக்கு நாலு படம்.

போர்ப் படத்துக்கு எழுதினாள்:
“குண்டுகள் குறி தவறுவதில்லை. வசனங்கள் தவறுகின்றன.”
காதல் படத்துக்கு:
“இருவரும் பிரிகிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.”
பேய்ப் படத்துக்கு ஒரே வரி:
“இடைவேளைக்குப் பிறகும் இருக்கிறது என்றார்கள், பயந்துவிட்டேன்.”
மூன்று மணி நேரச் சரித்திரப் படத்தில்
குதிரைகளை மட்டும் பாராட்டிவிட்டு
அவற்றின் பெயர்களைத் திரையில் போடாததற்கு வருந்தினாள்.
நரி பேசுகிற குழந்தைப் படம் ஒன்றுக்கு
ஐந்து நட்சத்திரம்.
ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை.

தியேட்டர் வைத்திருக்கும் துல்லியோ ஸ்ட்ரெய்ன்
அவளோடு பேசுவதில்லை.
கத்தரிக்கோல் மட்டும் வைத்திருந்தான்.
“பிரமாதம்! அரங்கின் கணப்பைச் சொல்கிறேன்”
என்று அவள் எழுதியதில்
முதல் சொல்லோடு வெட்டி
போஸ்டரின் நெற்றியில் ஒட்டினான்.
அவள் வழக்குப் போடவில்லை.
அதன்பின் எந்த நல்ல வார்த்தையையும்
வாக்கியத்தில் தனியே நிற்க விடவில்லை.

வசவுக் கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும்.
ஓபிச்சினாவிலிருந்து ஒரு கல் தச்சர்:
“நான் அழுத படத்துக்கு எப்படி இரண்டு?”
எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்:
எழுத்துப்பிழைக்குத் திருத்தம் உண்டு,
கருத்துக்குக் கிடையாது.

போன நவம்பரில்
மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்தாள்.
லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள்.
“1994 மார்ச் 11, பக்கம் 14.
ஒரு நட்சத்திரம் என்பதை
நான்கு எனத் திருத்தி வாசிக்கவும்.”

இது எழுத்துப்பிழை இல்லையே, என்றேன்.

கோட்டைக் கழற்றாமல்
நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.
அந்தப் படத்தில் ஒருத்தி
விருந்தாளி போனபின் கோப்பையைக் கழுவுகிறாள்.
துடைக்கிறாள்.
துடைத்ததை மறுபடி கழுவுகிறாள்.
ஏழு நிமிடம்.
“குழாயை மூட ஆளில்லையா என்று எழுதினேன்.
ஊரே சிரித்தது.”

சரி, இப்போது?

“இப்போது எனக்கு எட்டு நிமிடம் ஆகிறது.”

வெளியே காற்று
யாருடைய குடையையோ உடைத்துக்கொண்டிருந்தது.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.
மருந்துக்கடை விலாசத்தில் ஒரு வரியைச் சுருக்கினேன்,
இடம் கிடைத்தது.

சனிக்கிழமை வெளிவந்தது.
மரண அறிவிப்பில் இடம்பெற்ற திரு. பெர்டோட்
நலமாக இருக்கிறார் என்ற வரிக்குக் கீழே,
ஒன்று அல்ல, நான்கு.

ஒருவர்கூடக் கேட்கவில்லை.
ஆசிரியரும் கேட்கவில்லை, அவர் விளையாட்டுப் பக்கம்தான் படிப்பார்.

செவ்வாய்க்கிழமை துல்லியோ தொலைபேசியில் வந்தான்.
அந்தப் படத்தின் பெட்டி என் கிடங்கில் கிடக்கிறது,
ஒரே ஒரு காட்சி போடலாமா என்று பார்க்கிறேன்,
போஸ்டருக்கு அவள் எழுதியதில் ஏதாவது இருக்குமா?

பழைய தாள்களைப் புரட்டி எடுத்தேன்.
பதினெட்டு வரி.
வெட்டி எடுக்க அதில் ஒரு நல்ல சொல் இல்லை.
இருந்தாலும் படித்துக் காட்டினேன்,
குழாய் வரை, நட்சத்திரம் வரை.

மறுமுனையில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு சொன்னான்:
“அதையே போடுகிறேன்.
முழுசாக.”