உரிமக் காலம்: வரம்பற்றது

கடிதம் வந்த அன்றும் லியபாயாவில் காற்றுதான்.
கொடிக்கம்பத்துக் கயிறு பகலெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது.
அறுநூற்று நாற்பது யூரோ.
எங்கள் இறுதிச்சடங்கு நிலையத்தின் இணைய முகப்பில்
மூன்றாண்டாக எரிந்த மெழுகுவத்தி
வேறொருவருடையதாம்.

“மெழுகுவத்திக்கெல்லாமா சொந்தக்காரன்?”
கேட்டவர் இல்க்வார்ஸ், என் முதலாளி.
சவப்பெட்டி ஆணியைக்கூட ரசீதில்லாமல் வாங்காதவர்.
மெழுகுவத்திக்கு இல்லை.
சன்னல் உறைபனியில் அதன் சுடர் ஏறும் வரை
ஒருவன் குளிரில் நின்றானே,
அந்த நிற்றலுக்கு உண்டு.
இது இப்போது தெரிகிறது.
அப்போது நான் சொன்னது:
“தேடினேன், வந்தது, எடுத்தேன்.”
தேடுபொறி காட்டும். கொடுப்பதில்லை.
கண்ணில் பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டதாக
எண்ணிக்கொண்டது நான்.

இரண்டு தவணையில் கட்டினோம்.
படத்தை இறக்கிய இடத்தில் சாம்பல் கட்டம் ஒன்று நின்றது.
“நம் தொழிலுக்கு இதுவே பொருத்தம்” என்றாள்
மலர்வளையம் கட்டும் ஸ்கைட்ரீதே.

அதற்கப்புறம்தான் நான்
பொடி எழுத்து படிக்கிறவள் ஆனேன்.
இலவசம் என்ற சொல்லுக்கு அடியில்
எடுத்தவர் பெயரைப் போடு என்று ஒரு வரி.
வெட்டாதே, நிறம் மாற்றாதே என்று இன்னொன்று.
எனக்குப் பிடித்த மேகம்
பள்ளிப் பாடங்களுக்கு மட்டும்; வியாபாரத்துக்கு ஆகாது.
லில்லிப் பூக்கள் எக்கச்சக்கம்.
பார்த்துப் பார்த்து இரவில் மூக்கில் மணக்க ஆரம்பித்தன.

பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு மனிதர் கிடைத்தார்.
வெளுத்த புருவம், பல் தெரியாத சிரிப்பு,
யாரோ கூப்பிட்டால் எழுந்து போகத்
தயாராக இருப்பவர் போல.
பணம் கட்டினேன். ரசீது வந்தது.
உரிமக் காலம்: வரம்பற்றது.
ஏற்றப் போகிற நேரத்தில்
பதினோராம் பத்தி காலை இடறிற்று:
படத்தில் உள்ளவரை
நோயாளி என்றோ குற்றவாளி என்றோ இறந்தவர் என்றோ
எண்ண வைக்கும் இடத்தில் வைக்கலாகாது.

படமெடுத்தவனுக்கு எழுதினேன்.
அவேய்ரோவிலிருந்து இரண்டு நாள் கழித்துப் பதில்:
“எவரிஷ்டு என் தெருக்காரர்.
பல்பசைக்கும் காப்பீட்டுக்கும் கையெழுத்துப் போட்டவர்.
நீங்கள் கேட்டதைச் சொன்னேன். சிரித்தார்.
அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுத்
தூண்டில் முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
வேண்டாமாம்.
சனிக்கிழமை விலாங்கு பிடிக்கப் போக வேண்டுமாம்.”

இல்க்வார்ஸ் தன் போனில் ஒரு படம் எடுத்தார்.
எல்லோரும் கிளம்பிப் போன கூடம்,
வரிசை கலைந்த நாற்காலிகள், கொஞ்சம் ஆட்டம்.
“இது நம்முடையதுதானே?”
நாற்காலி நம்முடையது.
வெளிச்சத்தை யாரும் உரிமை கோரவில்லை.
மூன்றாம் வரிசையில் ஒரு பழுப்புக் கையுறை.
அது?

பெயர்ப் பதிவேட்டைப் புரட்டி அழைத்தேன்.
அவுஸ்த்ரா வந்தார், திரையில் கையுறையைப் பார்த்தார்.
“அப்போது என் அந்தக் கை எங்கே இருந்தது?”
எங்கள் யாருக்கும் தெரியவில்லை.
“போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்,
படத்தைச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா,
இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.
எழுத்தில் வேண்டுமே என்று
டிராம் நிறுத்தம் வரை ஓடினேன்.
ஒரு கையுறையைக் கழற்றி,
என் முதுகை மேசையாக்கிக் கையெழுத்திட்டார்.
கோட்டையும் தாண்டிப் பேனா உறைத்தது.

முகப்பில் இப்போது அந்தக் கூடம்.
கீழே கடுகளவு எழுத்தில்: படம், இல்க்வார்ஸ்.
அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறார்,
நான் கவனிக்கவில்லை என்று நினைத்து.

பன்னிரண்டு யூரோ திரும்பி வராது.
எவரிஷ்டு என் கணினியில் இருக்கிறார்,
‘பயன்படுத்தாதே’ என்ற பெயரில்.
சனிக்கிழமைகளில் காற்று எழும்பினால்
ஒருமுறை திறந்து பார்ப்பேன்.
அங்கே எப்படியோ.
போயிருப்பார்.