அந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே
உரக்கடை மாடியில்
ஒரு வாசல் வைக்கச் சொன்னார்கள் என்னை.
செங்கல் இல்லை, நிலைப்படி இல்லை.
பெயருக்கு ஒரு கட்டம், கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டம்,
கீழே பச்சையில் ஒரு பொத்தான்: நுழை.

சங்கத்தில் இருநூற்றுப் பதினேழு பேர்.
யார் சரக்கு என்ன விலைக்குப் போனது,
யாருக்கு எவ்வளவு பாக்கி,
அவரவர் கணக்கை அவரவரே திறந்து பார்க்க வேண்டும்,
தரகர் கண்ணில் படக் கூடாது.
அவ்வளவுதானே, மூன்று நாள் போதும் என்றேன்.

முதலில் வந்தவர் மாதம்மாள்.
அடித்தேன். பச்சை.
அடுத்தவரும் மாதம்மாள்.
நானே எழுதி வைத்த வரி சிவப்பில் எழுந்தது:
அந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது.
"இருக்குதுதான்" என்றார்,
"இதோ பக்கத்துல நிக்கிறாளே."

படிக்கட்டு வரை எட்டிப் பார்த்தேன்.
மாதையன், மாது, மாதப்பன், மாதேஷ்,
மறுபடியும் மாதம்மாள்,
அவர் மருமகள் மாதேஸ்வரி.
மலைமேல் இருக்கும் சாமி
தாலுகா முழுக்கத் தன் கையெழுத்தைப்
போட்டு வைத்திருக்கிறது.
ஒருவருக்கு ஒரு பெயர் என்று
ஓசூர்க் கல்லூரியில் படித்து வந்தவன் நான்.

மாதம்மாள் ஒன்று, மாதம்மாள் இரண்டு
என்று போட்டுவிடலாமா?
"அவளுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டா?
இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது நான் முன்ன."
அதன்பின் கணினியை யாரும் பார்க்கவில்லை.
அவர்களே பேசி முடித்தார்கள்.
கிணத்துமேட்டு மாதம்மாள்.
ரெண்டு போர் மாதம்மாள். (இரண்டிலும் தண்ணீர் இல்லை.)
லாரிக்காரர் வீட்டு மாதம்மாள்.
கடைசியாக ஒருத்தி, கறை படிந்த பல் தெரியச் சிரித்து,
"வட்டிக்கு வாங்காத மாதம்மாள்னு போடு" என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

கடவுச்சொல் எட்டு எழுத்து,
அதில் ஓர் எண், ஒரு குறி.
யாரிடமும் சொல்லக் கூடாது.
"உங்கிட்டயும்?"
என்னிடமும்.
கெம்பம்மாள் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்துவிட்டுத்
திரையை முறைத்தாள்:
"நான் அடிச்சது எங்க?
ஆட்டுப் புழுக்கையா நிக்குது."
அதுதான் அம்மா, மறைத்து வைத்திருக்கிறது.
"எங்கிட்டயேவா?"

மறந்து போனால்?
அதற்கும் ஒரு கேள்வி தயாராக வைத்திருந்தேன்:
உங்கள் அம்மாவின் பெயர் என்ன?
முதல் இருபது பேரில்
பதினோரு பேருக்கு ஒரே விடை.
என் பூட்டுக்கு
ஊர் முழுக்கச் சாவி.

அழித்தேன். வேறென்ன கேட்பது?
பிடித்த நிறம் கேட்டேன், சிரித்தார்கள்.
முதலில் போன சினிமா கேட்டேன்,
எல்லோரும் ஒரே டிராக்டரில் போயிருந்தார்கள்.
மூலையில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த மாதப்பன்
துண்டை உதறிக்கொண்டு சொன்னார்:
"கடைசியா என்ன வெலைக்குக் கேட்டப்ப
ரோட்டுல கொட்டினேன்னு கேளு.
ஒவ்வொருத்தனும் கொட்டின நாள் வேற.
எவனும் மறக்க மாட்டான்."

அதையே வைத்தேன்.
அடுத்த முதல் ஆள் கையால் திரையை மறைத்துக்கொண்டார்.
யாரும் சொல்லித் தரவில்லை.
கடவுச்சொல்லைக்கூட உரக்கக் கேட்டவர்கள்
இந்தக் கட்டத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.
சிலர் பைசா வரைக்கும் அடித்தார்கள் போல,
புள்ளி வைக்கும் விசை எங்கே என்று கேட்டார்கள்.
உள்ளே போனதும் அந்த எண்கள் குழம்பிச் சிதைந்து
யாராலும் படிக்க முடியாத கிறுக்கலாகும்.
அப்படித்தான் நான் எழுதியிருக்கிறேன்.
பார்க்க நினைத்தாலும் முடியாது.

வேலை முடிந்த இரவு
சோதித்துப் பார்க்க வெளியே வந்து
மறுபடி நுழையப் போனேன்.
மூன்று முறை தப்பாக அடித்தேன்.
வாசல் என்னைக் கேட்டது:
கடைசியாக என்ன விலைக்குக் கேட்டபோது கொட்டினீர்கள்?

பதிந்த அன்று அவசரத்தில்
வாய்க்கு வந்த ஓர் எண்ணைப் போட்டிருப்பேன்.
ஐந்தா? எட்டா?
கீழே முதல் வண்டி வந்துவிட்டது.
கிரேடுகளை இறக்கி வைக்கும் சத்தம்.
கட்டத்துக்குள் கோடு மட்டும்
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கிறது.