பட்ட மரங்களின் பட்டியல்

நவம்பர் நான்கு. ஜேம்ஸ் விரிகுடாவுக்குத் தெற்கே
மின்கம்பி போகப்போகும் தடத்தில்
பட்ட மரங்களுக்கு ஆரஞ்சு வளையம் போடச் சொன்னார்கள்.
முழங்கால்வரை பாசியில் புதைந்து
நாற்பத்தொன்று போட்டேன்.

நாற்பத்திரண்டாவதற்கு டப்பாவைக் குலுக்கும்போது
ஹெஸ்டர் வேபின் சங்கிலிவண்டியை நிறுத்தினாள்.
"உயிரோடிருப்பதற்கு எதற்குக் கருமாதி?"

ஓர் ஊசிகூட இல்லையே என்றேன்.
பக்கத்து ஸ்ப்ரூஸைப் பார், எவ்வளவு பச்சை என்றேன்.

ஒரு குச்சியை ஒடித்து
என் கட்டைவிரலுக்கடியில் உருட்டினாள்.
மரு மருவாய்த் தட்டுப்பட்டது.
ஒவ்வொரு மருவிலும்
பத்துப் பதினைந்து ஊசிகள் குஞ்சமாய் நின்ற இடம்.
சுண்டுவிரல் நகமளவு காய்கள்
மரத்தில் செதுக்கிய ரோஜா மொட்டுகளாய்
கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.
பட்டையைக் கீறினாள்.
உள்ளே ஈரம். பச்சை.

"வாகினாகன்" என்றாள், க்ரீயில்.
வளைவது என்று வைத்துக்கொள்ளலாமாம்.
படிவத்தில் அதற்கு டாமராக் என்று பெயர்.
ஊசியிலை மரம்தான், ஆனால்
இலை உதிர்க்கத் தெரிந்தது.

அவள் வண்டியின் முன்கண்ணாடியோரம்
இதே குச்சிகளால் கட்டிய ஒரு வாத்து.
கழுத்தை மட்டும் தனியாகச் சுற்றியிருந்தது.
வசந்தத்தில் இதைச் சொந்தமென்று நம்பி
நிஜ வாத்துகள் இறங்கும்.
"இறங்கினால் சாப்பிடுவோம்."
தம்பி ரெட்ஃபர்ன் பனிக்காலணிச் சட்டத்துக்கு
இளமரத்தை நீராவியில் வளைப்பான்.
கோடரி பட்ட மாமனின் காலுக்கு
உள்பட்டையை அவித்துக் கட்டினார்கள்.

எவ்வளவு பட்டை, எத்தனை நாள் என்று கேட்டேன்.
"அதற்கும் உன் படிவத்தில் கட்டம் இருக்கிறதா?"
வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

மறுநாள் நாற்பத்தொன்றையும் கீறிப் பார்த்தேன்.
அவளும் வந்தாள், கேலி செய்ய.
மூன்று நிஜமாகவே பட்டிருந்தன.
அதிலொன்றை, புகைபோட ஆகும் என்று
இழுத்துப் போனாள்.
மீதிக்கு வளையத்தைச் சுரண்டினேன்.
பெயின்டோடு பட்டையும் வந்தது; நிறுத்திக்கொண்டேன்.

ஜூனில் ஹெலிகாப்டரில் போன மேலதிகாரி
அலுவலகத்துக்கு எழுதினார்:
ஆரஞ்சு போட்ட பட்ட மரமெல்லாம் துளிர்த்திருக்கிறதே,
யார் போட்டது?

பெயின்ட் நல்ல ரகம் என்று மட்டும்
பதில் எழுதினேன்.